நிலையா, நிகழ்வா: சி++ பக்கத்திலிருந்து க்யூஎம்எல் திரைக்குத் தகவல் சொல்லும் வழிகள்

ஒரு எடை இயந்திரத்துக்குத் தொடுதிரை பேனல் எழுதிக்கொண்டிருந்தோம். மூட்டையை மேடையில் வைத்தால் திரையில் எடை வரும். ஆட்டம் நின்றதும் ரசீது அச்சாகும். பின்னால் வேலை செய்வது சி++, முன்னால் திரையை வரைவது க்யூஎம்எல் (QML), க்யூட்டி (Qt) என்ற மென்பொருள் கருவித்தொகுப்பின் திரை மொழி. பிரின்டரில் பேப்பர் தீர்ந்தால் திரையின் மேலே ஒரு சிவப்புப் பட்டை வர வேண்டும். சி++ பக்கம் ‘பேப்பர் தீர்ந்தது’, ‘பேப்பர் போட்டாச்சு’ என்று இரண்டு சிக்னல் (ஒரு ஆப்ஜெக்ட் கேட்பவர்களுக்கு விடும் அறிவிப்பு), க்யூஎம்எல் பக்கம் அவற்றைக் கேட்டுப் பட்டையைக் காட்டவும் மறைக்கவும் நாலு வரி. மேசையில் வைத்துச் சோதித்தபோது ரோலை உருவினால் பட்டை வந்தது, திரும்பப் போட்டால் போனது. எல்லாருக்கும் திருப்தி.

களத்துக்குப் போன முதல் வாரமே புகார் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பேப்பர் தீர்ந்து, காலையில் அப்படியே இயந்திரத்தை ஆன் செய்தால் பட்டை வருவதே இல்லை. காரணம் சீக்கிரம் அகப்பட்டது. பிரின்டர் ஆப்ஜெக்ட் உருவாகும்போதே நிலையைப் படித்து சிக்னலை விட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் க்யூஎம்எல் கோப்பு இன்னும் லோடே ஆகவில்லை. சிக்னலுக்கு நினைவு கிடையாது. அந்த நொடியில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும்தான் அது.

முதலில் நான் செய்தது வெட்கப்பட வேண்டிய வேலை: லோட் ஆனதும் அரை நொடி கழித்து சிக்னலை மறுபடி விட ஒரு டைமர். அது மேசையில் ஓடியது, மெதுவான போர்டில் ஓடவில்லை. பிறகுதான் கேள்வியே தப்பு என்று புரிந்தது. பேப்பர் இல்லாதது நிகழ்வு இல்லை, நிலை. காலையிலும் உண்மை, மதியமும் உண்மை, திரை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் உண்மை. அதை ஒரு நொடிச் செய்தியாக அனுப்பியதுதான் கோளாறு.

க்யூட்டியில் (‘க்யூட்’ என்று சொல்ல வேண்டும் என்பார்கள், நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை) சி++ பக்கத்திலிருந்து திரைக்குத் தகவல் சொல்லப் பல வழிகள் உண்டு. எது நல்லது என்று தேடினால் தொடரியல் ஒப்பீடுதான் கிடைக்கும். என் அனுபவத்தில் தொடரியல் இரண்டாம்பட்சம். சொல்ல வேண்டியது நிலையா, நிகழ்வா, இல்லை பட்டியலா என்று பார்த்துவிட்டால் வழி பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். நாம் சிக்னலுக்கு முதலில் கை நீட்டுவதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. நார்வேயின் ட்ரோல்டெக் 1995-ல் க்யூட்டியை வெளியிட்டபோதே சிக்னல்-ஸ்லாட் (ஸ்லாட் என்பது சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) அதில் இருந்தது. க்யூஎம்எல் வந்தது 2010-ல், 4.7 பதிப்போடு. அந்தப் பதினைந்து வருஷப் பழக்கம் திரையையும் சி++-லேயே எழுதிய விட்ஜெட் காலத்து ஆட்களுக்கு இன்னும் விரலில் இருக்கிறது.

ஒதுக்க வேண்டியதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சி++ பக்கத்திலிருந்து க்யூஎம்எல் மரத்துக்குள் கையை விட்டு, பெயரை வைத்து ஓர் உருப்படியைத் தேடி, ‘இன்வோக் மெத்தட்’ மூலம் அதன் ஃபங்ஷனைக் கூப்பிடும் வழி. புதிதாக வருபவர்களுக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் ‘நான் கூப்பிட்டேன், அது செய்தது’ என்று நேராக இருக்கிறது. ஆனால் வடிவமைப்பாளர் அந்த உருப்படியின் பெயரை மாற்றினால் கம்பைலர் வாய் திறக்காது. ஓடும்போது தேடல் வெறுங்கையோடு திரும்பும். அந்தப் பக்கம் அப்போது லோடருக்குள் (தேவையானபோது மட்டும் பக்கத்தை ஏற்றும் உருப்படி) இல்லை என்றாலும் அதே கதி. சோதனைக்கும் மாதிரி செய்து பார்ப்பதற்கும் தவிர இதைப் பரிந்துரைக்கவில்லை என்று க்யூட்டியின் ஆவணமே சொல்கிறது. திரைக்கு சி++ தெரியலாம், சி++-க்குத் திரை தெரியக்கூடாது.

சரி, நிலைக்கு வருவோம். இதற்கான கருவி ‘க்யூ ப்ராப்பர்ட்டி’, அதாவது ஆப்ஜெக்டின் ஒரு மதிப்பைத் திரை படிக்கத் திறந்துவிடுவது, கூடவே அது மாறியது என்று சொல்லும் ‘நோட்டிஃபை’ சிக்னல். பட்டையின் ‘விசிபிள்’ என்பதை பிரின்டரின் ‘பேப்பர் இல்லை’ ப்ராப்பர்ட்டியோடு கட்டிவிட்டால் போதும் (இந்தக் கட்டுக்குப் பெயர் பைண்டிங்). திரை எப்போது லோட் ஆனாலும் முதலில் மதிப்பைப் படிக்கும், அதன்பின் நோட்டிஃபை வரும்போதெல்லாம் மறுபடி படிக்கும். அந்தக் காலைப் புகாரை மூடியது இவ்வளவுதான். டைமரும் போனது, நாலு வரியும் போனது.

பலர் கவனிக்காத விஷயம், இந்த வழியிலும் ஓடுவது சிக்னல்தான். ஆனால் அது ‘வந்து பார்’ என்று மட்டும் சொல்கிறது, சரக்கை அது சுமப்பதில்லை. ஒரு சிக்னல் தவறினாலும் அடுத்த படிப்பில் உண்மை தெரிந்துவிடும். அதனால்தான் இது முரட்டுத்தனமான கையாளுதலையும் தாங்குகிறது.

தாங்கும் என்றாலும் குழிகள் இருக்கின்றன. நோட்டிஃபை எழுத மறந்தால் முதல் மதிப்பு மட்டும் திரையில் உறைந்து நிற்கும். நோட்டிஃபை இல்லாத ப்ராப்பர்ட்டியை நம்பி இந்தக் கோவை (எக்ஸ்பிரஷன்) இருக்கிறது என்று க்யூஎம்எல் லாக்கில் ஒரு வரி எச்சரிக்கும். வாழ்நாளில் மாறாத மதிப்பானால் ‘கான்ஸ்டன்ட்’ என்று போட்டுவிடுங்கள், எச்சரிக்கையும் ஓயும். அப்புறம், மதிப்பு உண்மையிலேயே மாறினால் மட்டும் சிக்னலை விடுவது. மதிப்பை மாற்றும் ஃபங்ஷனான செட்டரின் முதல் வரியில் பழையதும் புதியதும் ஒன்றா என்று பார்த்துத் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் வீண் வேலை, சில சமயம் பைண்டிங் சுழற்சி.

அந்த ஒப்பீட்டிலும் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. எடையை டபுளாக (தசம எண்ணாக) வைத்து, ஏறத்தாழ சமமா என்று பார்க்கும் ‘க்யூ ஃபஸி கம்பேர்’ வைத்து ஒப்பிட்டோம். இரண்டில் ஒன்று சரியாகப் பூஜ்யமாக இருந்தால் அந்த ஃபங்ஷன் வேலைக்கு ஆகாது என்று ஆவணத்தில் எழுதியே இருக்கிறது. எடை இயந்திரமோ பாதி நாள் பூஜ்யத்தில்தான் நிற்கும். கடைசியில் எடையை முழு எண்ணாக, கிராமில் வைத்தோம். கிலோவும் புள்ளியும் திரைக்கு மட்டும்.

இதைவிடப் பெரிய குழி, ஒன்றோடொன்று சேர்ந்த இரண்டு ப்ராப்பர்ட்டிகள். எங்களிடம் ‘எடை’ ஒன்று, ‘நிலைத்தது’ ஒன்று. க்யூஎம்எல்-ல் ஒரு கோவை: நிலைத்திருந்து, எடை குறைந்தபட்சத்தைத் தாண்டினால் தானே அச்சடி. புதிய அளவீடு வரும்போது சி++ முதலில் எடையை மாற்றி சிக்னல் விட்டது, அடுத்த வரியில் நிலைத்ததை மாற்றி சிக்னல் விட்டது. க்யூஎம்எல் பைண்டிங் சிக்னல் வந்த கையோடு ஓடும், அடுத்த ஃப்ரேமுக்குக் காத்திருக்காது. ஆக, இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு கணம், எடை புதியது, நிலைத்தது பழையது. மூட்டை மேடையில் விழும் வேகத்தில் 50 கிலோவுக்கு 31 கிலோ என்று ஒரு ரசீது வெளியே வந்தது.

தீர்வு எளிது. இரண்டு உறுப்பு மாறிகளையும் முதலில் மாற்று, அப்புறம் இரண்டு சிக்னலையும் விடு. இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரு ‘க்யூ காட்ஜெட்’ கட்டமைப்புக்குள் போட்டு ஒரே ப்ராப்பர்ட்டியாக, ஒரே சிக்னலோடு கொடுக்கலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். அச்சடிக்கும் முடிவையும் க்யூஎம்எல்-ல் இருந்து பிடுங்கி சி++-க்குக் கொண்டுபோனோம். பணம் தொடர்பான முடிவு திரையின் கோவைக்குள் இருந்ததே முதல் தவறு.

அடுத்து, கட்டு அறுந்துபோவது. யாரோ பட்டைக்கு ஒரு ‘மூடு’ பட்டன் வைத்து, அதில் ‘விசிபிள் சமம் ஃபால்ஸ்’ என்று எழுதிவிட்டார்கள். ஒருமுறை அப்படி நேரடியாக மதிப்பை ஏற்றியதும் பைண்டிங் போய்விடும், சத்தமே இல்லாமல். அதன்பின் பேப்பர் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் பட்டை வராது. இதைப் பிடிக்க ‘பைண்டிங் ரிமூவல்’ என்ற லாக் கேட்டகரி இருக்கிறது. அதை ஆன் செய்து ஒருமுறை திரையெல்லாம் தட்டிப் பாருங்கள், எத்தனை வரி வருகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

வேகத்தையும் பார்த்துவிடலாம். 9600 பாட் (baud) வேகத்தில் ஒரு சீரியல் கம்பி நொடிக்குச் சுமார் 960 பைட் தரும். 16 பைட் சட்டகம் என்றால் அதிகபட்சம் நொடிக்கு 60 அளவீடு. ஒவ்வொன்றுக்கும் பைண்டிங்குகள் ஓடும். அந்த வேகத்தில் மாறும் கடைசி இலக்கத்தை எந்தக் கண்ணும் படிக்காது. சி++ பக்கத்திலேயே 100 மில்லிநொடிக்கு ஒருமுறை மட்டும் விடும்படி டைமர் வைத்தோம். நிலை என்பதால் நடுவில் விட்டுப்போனவற்றால் நஷ்டம் இல்லை, கடைசி மதிப்பு வந்தால் போதும். நிகழ்வை இப்படிச் சலிக்க முடியாது.

நிகழ்வு என்றால், ஒருமுறை நடந்து முடிந்தது: ‘ரசீது 4127 அச்சானது’, ‘பார்கோடு படிக்கப்பட்டது’. இதை ப்ராப்பர்ட்டியாக்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘கடைசி பார்கோடு’ என்று ஒரு ப்ராப்பர்ட்டி வைத்து அது மாறும்போது செயல்படுவது. ஒரே பொருளை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் மதிப்பு மாறவில்லை, சிக்னல் இல்லை, இரண்டாவது ஸ்கேன் காணோம். உடனே ஓர் எண்ணி சேர்ப்பார்கள், அப்புறம் அதைப் பூஜ்யமாக்க ஒரு ஃபங்ஷன். நிகழ்வுக்கு நேரான சிக்னலே போதும்.

க்யூஎம்எல்-ல் அதைக் கேட்க இரண்டு இடம். சி++ வகையை க்யூஎம்எல்-லேயே உருப்படியாகப் படைத்திருந்தால் அதன் உள்ளேயே ‘ஆன்’ ஹேண்ட்லர் எழுதலாம். வெளியிலிருந்து வந்த ஆப்ஜெக்ட் என்றால் ‘கனெக்‌ஷன்ஸ்’, அதன் ‘டார்கெட்’ அந்த ஆப்ஜெக்ட். சிக்னல் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி முன்னால் ‘ஆன்’ ஒட்டினால் ஹேண்ட்லர் பெயர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லாத மொழியின் அருமை இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

கனெக்‌ஷன்ஸுக்கு க்யூட்டி 5.15-லிருந்து புதிய எழுத்துமுறை: ஹேண்ட்லரை ஒரு ஃபங்ஷனாகவே எழுத வேண்டும். பழைய முறையில் சி++ சிக்னலில் நீங்கள் வைத்த அளபுருப் (பாராமீட்டர்) பெயர்கள் எங்கிருந்தோ வந்து ஹேண்ட்லருக்குள் குதிக்கும். சி++ ஹெடரில் ஒருவர் பெயரை மாற்றினால் க்யூஎம்எல் உடையும். புதிய முறையில் அளபுருக்கள் வரிசைப்படி வரும், பெயர் உங்கள் இஷ்டம். பழைய கோப்புகள் கையில் இருந்தால் இதை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். பெயரில் எழுத்துப்பிழை விட்டால், இப்படி ஒரு சிக்னல் டார்கெட்டில் இல்லையே என்று ஓடும்போது லாக்கில் சொல்லும். லாக்கைப் படித்தால்.

கனெக்‌ஷன்ஸ் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் வரையும் டெலிகேட்டுக்குள் வைத்தால், திரையில் 12 வரி இருந்தால் 12 கனெக்‌ஷன்ஸ். ஒரு ரசீதுக்கு 12 பீப் கேட்டது எங்கள் பேனலில். லோடருக்குள் இருக்கும் பக்கத்தில் வைத்தால், அந்தப் பக்கம் மூடியிருக்கும்போது வரும் நிகழ்வு காற்றோடு போகும். எங்கும் கேட்க வேண்டிய நிகழ்வை வேர் ஜன்னலில் வையுங்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதை அந்தப் பக்கத்தில். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ‘கனெக்ட்’ என்று கூப்பிட்டும் இணைக்கலாம். அதை நீங்களே கழற்றியும் விட வேண்டும் என்பதால் எனக்குப் பிடிக்காது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. நிகழ்வுதான், ஆனால் தவறக் கூடாது: ‘மேடையில் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்பட்டது’. சிக்னலாக விட்டால் ஆப்பரேட்டர் செட்டிங்ஸ் பக்கத்தில் இருந்த நேரத்தில் தவறிவிடும். நிலையாக வைத்தால், பாரத்தை இறக்கியதும் மறைந்துவிடும், நடந்ததற்கு அடையாளமே இருக்காது. இது உண்மையில் ஒரு பதிவு. நேரம், விவரம், ‘பார்த்தாச்சு’ என்ற குறி இவற்றோடு ஒரு பட்டியலில் ஒரு வரி. ஆப்பரேட்டர் எப்போது வந்தாலும் அங்கே இருக்கும்.

பட்டியல் என்றதும் சிலர் எல்லாவற்றையும் ஒரு ‘க்யூ வேரியன்ட் லிஸ்ட்’டில் போட்டு ப்ராப்பர்ட்டியாகக் கொடுப்பார்கள். எழுத மூன்று நிமிஷம். ஆனால் ஒரு வரி சேர்ந்தாலும் பட்டியல் முழுசும் புதிதாக வந்ததாகத்தான் திரைக்குத் தெரியும். டெலிகேட்டுகள் எல்லாம் இடிந்து மறுபடி கட்டப்படும், உருட்டி வைத்த இடம் போய்விடும். மாறவே மாறாத பத்து வரி என்றால் இதுவே போதும், அதற்குமேல் உழைக்க வேண்டாம். மாறும் என்றால் ‘க்யூ அப்ஸ்ட்ராக்ட் லிஸ்ட் மாடல்’. சேர்க்கும் முன் ‘பிகின் இன்சர்ட் ரோஸ்’, சேர்த்தபின் ‘எண்ட் இன்சர்ட் ரோஸ்’, மதிப்பு மாறினால் ‘டேட்டா சேஞ்ட்’, அதில் எந்த ரோல் (வரியின் எந்தப் புலம்) மாறியது என்பதும். முதல் முறை எழுதும்போது கை வலிக்கும். அன்றைய ரசீதுகள் 400-ஐத் தாண்டியபோது எங்களுக்கு அந்த வலி நியாயமாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் முன்னால், சி++ ஆப்ஜெக்ட் க்யூஎம்எல் கைக்கு எப்படிப் போகிறது? பழைய பாடங்கள் எல்லாம் கான்டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி சொல்லித் தரும். ஒரு வரியில் முடியும், எந்தக் கோப்பிலும் பெயர் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. பிழை தேடும் க்யூஎம்எல் லின்ட் முழிக்கும், எடிட்டர் பெயரை நிரப்பித் தராது, முன்கூட்டியே கம்பைல் செய்வதன் பலனும் அந்தக் கோவைகளுக்குக் கிடைக்காது. புதிய வேலைக்கு நான் இதைத் தொடுவதில்லை.

மீதி இரண்டு. ஒன்று, வேர் உருப்படியில் ‘ரிக்வயர்டு ப்ராப்பர்ட்டி’ அறிவித்து, என்ஜினின் ‘செட் இனிஷியல் ப்ராப்பர்ட்டிஸ்’ மூலம் ஆப்ஜெக்டைக் கொடுப்பது. எது எங்கே போகிறது என்று கோப்பின் தலையிலேயே தெரியும். கொடுக்காவிட்டால் லோடே ஆகாது. சோதனைக்குப் போலி தராசு ஒன்றைக் கொடுப்பதும் சுலபம். கஷ்டம், ஆழத்தில் இருக்கும் பக்கத்துக்கு ஒவ்வொரு படியாகக் கைமாற்றிக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று சிங்கிள்டன் (எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு ஆப்ஜெக்ட்), 5.15-லிருந்து வகுப்பிலேயே ‘க்யூஎம்எல் எலிமென்ட்’, ‘க்யூஎம்எல் சிங்கிள்டன்’ என்று இரண்டு மேக்ரோ. வசதியானதுதான், ஆனால் இதில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். மெயினில் தராசு ஆப்ஜெக்ட் ஒன்றைப் படைத்து சீரியல் போர்ட்டோடு இணைத்திருந்தேன். சிக்னல் போகிறது, லாக்கில் தெரிகிறது. திரை அசையவில்லை. வகுப்புக்கு டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் (எதுவும் கொடுக்காமலே ஆப்ஜெக்டைப் படைக்கும் ஃபங்ஷன்) இருந்ததால் க்யூஎம்எல் என்ஜின் தனக்கென்று இன்னொரு தராசைப் படைத்துக்கொண்டது. பேசுவது ஒரு தராசு, திரை கேட்டுக்கொண்டிருப்பது வேறொரு தராசு. ‘கிரியேட்’ ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தாலும், டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் கைக்கு எட்டினால் என்ஜின் அதைத்தான் எடுக்கும். கன்ஸ்ட்ரக்டரை மறைத்து, ‘கிரியேட்’டில் நம்முடைய ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுத்ததும் முடிந்தது. இரண்டு பக்கமும் ‘திஸ்’ முகவரியை அச்சிட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்திருக்கலாம்.

த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் தடம்) விஷயத்தில் தேர்வுக்கு அதிக இடமில்லை. க்யூஎம்எல்-க்குக் கொடுக்கும் ஆப்ஜெக்ட் என்ஜின் இருக்கும் த்ரெட்டிலேயே இருக்க வேண்டும். சீரியல் போர்ட்டைப் படிக்கும் தொழிலாளியைத் தனி த்ரெட்டில் வைத்து, அதன் சிக்னலைத் திரை த்ரெட்டில் இருக்கும் தராசு ஆப்ஜெக்டின் ஸ்லாட்டோடு இணையுங்கள். இணைப்பு ‘ஆட்டோ’ என்றாலே, சிக்னல் விடும் நேரத்தில் த்ரெட் வேறு என்று பார்த்து வரிசையில் போட்டுவிடும். ஸ்லாட்டுக்குப் பதில் லாம்ப்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) கொடுக்கும்போது மட்டும் கவனம். நடுவில் பெறுநர் ஆப்ஜெக்டைக் கொடுக்காமல் வெறும் லாம்ப்டாவை இணைத்தால் அது சிக்னல் விட்ட த்ரெட்டிலேயே ஓடும். அதற்குள் ப்ராப்பர்ட்டியை மாற்றினால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் கிராஷ் உங்களுக்குத்தான்.

அந்த பேனலின் கடைசி வடிவத்தில் தராசுக்கும் பிரின்டருக்கும் சேர்த்து ஐந்து ப்ராப்பர்ட்டி, இரண்டு மாடல் (ரசீதுகள் ஒன்று, எச்சரிக்கைப் பதிவுகள் ஒன்று). நேரடியாகக் கேட்கும் சிக்னல் இரண்டே இரண்டு: ரசீது அச்சானது, பார்கோடு வந்தது. ஆரம்பத்தில் பதினேழு சிக்னல் இருந்தன. மீதிப் பதினைந்தும் நிலையாகவோ பதிவாகவோ மாறிவிட்டன. ‘மூடு’ பட்டனையும் எடுத்துவிட்டோம். பேப்பர் போட்டால் பட்டை போகும்.